கால் முந்திப் பிறந்தவர்கள்

மாரிக்கண்ணு அண்ணாச்சியை ஆட்டோவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கும்போது நான் கழுத்துப் பட்டையோடு கட்டிலில் கிடந்தேன். எழுந்து போய் வாங்க என்று சொல்ல முடியவில்லை. முடிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். முதுகைப் பிடித்துக்கொண்டதாம், குனியவும் முடியவில்லையாம், நிமிரவும் முடியவில்லையாம். என் வீட்டுக்காரர் தளவாய் ஓட்டுகிற லோடு ஆட்டோ அண்ணாச்சியுடையது. ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் வாங்கி வெளியூருக்கு அனுப்புகிற கடையும் அவருடையதுதான். அப்பேர்ப்பட்டவர் வலியோடு எங்கள் முற்றத்தில் வந்து நின்றால் வேண்டாம், போங்கள் என்று சொல்ல இந்த வீட்டில் யாருக்கு வாய் உண்டு?

வசதியானவர். நினைத்தால் திருநெல்வேலியில் பெரிய டாக்டரிடம் காரிலேயே போய் வரலாம். போகாமல் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏனென்றால் நான் கால் முந்திப் பிறந்தவள். என் மகள் சுகன்யாவும் கால் முந்திப் பிறந்தவள்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு பட்டம். தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளியே வந்த பிள்ளை மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பார்கள். குப்புறப் படுக்க வேண்டும், இடது காலால் மூன்று தடவை மிதிக்க வேண்டும், மிதித்ததற்குக் காசு வாங்கக் கூடாது. எனக்கு விவரம் தெரியும் முன்பே என்னைத் தூக்கிக்கொண்டு போய் யார் யார் முதுகிலோ நிறுத்தியிருக்கிறார்கள். பாதிப் பேருக்குப் பிடிப்பு விட்டுப்போகும். மீதிப் பேர் வந்த மரியாதைக்கு விட்டுப்போனதாகச் சொல்வார்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு முன்னால் என் காலின் பேர் வந்து சேர்ந்திருந்தது. சுடலைவடிவு என்ற பேரே பலருக்குத் தெரியாது, "காலுக்காரி" என்றால் தெரியும். எனக்கும் கொஞ்சம் மிதப்பு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்தப் பேர்தான் பிறகு என் கழுத்துக்குக் கத்தியாக வந்தது. ஊர் முதுகையெல்லாம் சரிசெய்கிறவளுக்கு முதுகு வலிக்கிறது என்றால் எவன் நம்புவான்?

முதலில் கணுக்கால் பிசகியது. மேடு பள்ளம் எதுவும் இல்லை, சமதரையில் நடக்கும்போதே மடங்கிக்கொள்ளும். சுகன்யா பிறந்த பிறகு இடுப்பு. எழுந்தால் ஒரு பக்கம், உட்கார்ந்தால் ஒரு பக்கம் என்று கீல் கழன்ற கதவாகிவிட்டது. தோள்பட்டை தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது இறங்கும், நானே ஏற்றிக்கொள்வேன். கடைசியில் கழுத்து. மத்தியானம் ஆனால் தலையைக் கையால் தாங்கிக்கொண்டுதான் உட்கார முடியும். விரல்கள் மரத்துப்போகும், பால் பாத்திரம் கைநழுவும், நின்றால் கண் இருட்டும். சோறு சில நாள் தொண்டையிலேயே நின்றுகொள்ளும்.

ஒரு டாக்டர் வாய்வு என்றார். இன்னொருவர் ரத்தம் பத்தாது, பேரீச்சம்பழம் தின்னு என்றார். மற்றொருவர் என்னிடம் எதுவும் கேட்காமல் தளவாயைப் பார்த்து, "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்றார். அன்றைக்குத்தான் வீட்டில் பிரச்சினை தொடங்கியது. என் நாத்தனார் முத்துராணி பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். அவள் எந்த டாக்டரையும் கேட்கவில்லை. "மைனிக்கு வேல இருக்க அன்னைக்குத்தான் வலிக்கும்" என்று என் காதில் விழுகிற மாதிரியே சொல்வாள்.

ரத்தம் வந்தால் ஓடி வருவார்கள். வீங்கினால் பத்துப் போடுவார்கள். எனக்கு ஒன்றும் வெளியே தெரியாது. நிறமாக இருப்பேன், கன்னம்கூட உண்டு. நோயாளி என்றால் நோயாளி மாதிரி இருக்க வேண்டாமா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் யாருக்கும் வர வேண்டாம். முத்துராணிக்குக்கூட வர வேண்டாம்.

போன ஆடியில் ஒருநாள் அணைக்கட்டுப் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தேன். ஆற்றில் நல்ல வரத்து. செத்துப்போகலாம் என்றுதான் நின்றேன், மறைப்பானேன். வலிக்காகக்கூட இல்லை. வலிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லி, சொல்கிற நானே பொய்க்காரியோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதைத்தான் தாங்க முடியவில்லை. அப்போது சுகன்யா பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம். வீட்டுச் சாவி என் இடுப்பில் இருந்தது. பிள்ளை வாசலில் நிற்குமே என்று திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஸ்கேன் எடுக்கச் சொல்லி, அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "கட்டை விரலை மடக்கி முன்கையோட உள்பக்கம் தொட முடியுதா பாருங்க" என்றார். தொட்டேன். சுண்டு விரலைப் பின்னால் வளைக்கச் சொன்னார். வளைத்தேன். குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைக்க முடியுமா, சின்ன வயதில் முடிந்ததா என்றார். சின்ன வயதில் காலைத் தூக்கிக் கழுத்துக்குப் பின்னால் போடுவேன், பிள்ளைகள் எல்லாம் கைதட்டும் என்றேன். எனக்கு உற்சாகமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பரீட்சையிலும் தேறாதவள் இதில் எல்லாவற்றையும் செய்துகாட்டுகிறேனே என்று இருந்தது. டாக்டரம்மாவின் முகம் மட்டும் ஒவ்வொன்றுக்கும் வாடிக்கொண்டே வந்தது.

"எல்லாத்துலயும் முழு மார்க்" என்றார். சிரிக்கவில்லை.

எலும்பை எலும்போடு கட்டி வைக்கிற நார் எனக்குப் பிறவியிலேயே இளகலாக இருக்கிறதாம். கட்டு தளர்ந்தால் எலும்பு நகரும். கழுத்தில் நகர்ந்து நரம்புத்தண்டை நெருக்குகிறதாம். இது முழுசாகக் குணமாகாது, மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், தேவைப்பட்டால் கழுத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டி வரும், யாரையும் கழுத்தைத் திருகவோ முதுகை மிதிக்கவோ விடக் கூடாது என்று வரிசையாகச் சொன்னார். குணமாகாது என்று கேட்டதும் நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்றால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதற்கு ஒரு பேர் இருக்கிறது, படத்தில் தெரிகிறது, நான் பொய் சொல்லவில்லை. எனக்கு அது போதும் என்று இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் பெருமையாகச் சொன்னேன்: "நான் காலு முந்திப் பொறந்தவ, டாக்டரம்மா. எனக்கே இப்படி வந்துட்டு பாருங்க. எம் மவளும் காலு முந்திதான்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "மகளுக்கும் உடம்பு இதே மாதிரி வளையுமா?"

"ரப்பர் மாதிரி வளைவா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். கால் முந்திப் பிறக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எந்த நோயும் கிடையாது, பயப்பட வேண்டாம். ஆனால் இப்படிக் கட்டு தளர்ந்த உடம்போடு உருவாகிற பிள்ளைகள் சில நேரம் வயிற்றுக்குள் சரியாகத் திரும்பாமல் கால் பக்கமாக வருவது உண்டு. உங்கள் விஷயத்தில் அதுவாக இருக்கலாம். "மகளைக் கூட்டிட்டு வாங்க. இந்த வயசுலயே பாத்தா உங்க அளவுக்கு வராம நிறைய காப்பாத்தலாம். தள்ளிப் போடாதீங்க."

ஊர் எதை வரம் என்று கொண்டாடியதோ அதுவே நோய் காட்டிய முதல் அடையாளமாக இருந்திருக்கிறது. பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் என் காலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது.

தளவாய் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். என் தலைக்கு அவர்தான் தண்ணீர் ஊற்றி விடுகிறார். கஞ்சி காய்ச்சுகிறார், என்னைத் திருப்பிப் படுக்க வைக்கிறார். படத்தைப் பார்த்த பிறகு என் நோயை நம்பவும் செய்தார். மகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றதும்தான் ஆள் மாறினார்.

"பிள்ளைக்கும் இருக்குன்னு ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா, நாளைக்கி எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

"கேக்காட்டிப் போறான். அவ நடமாடண்டாமா?"

"அவ நல்லாத்தான் இருக்கா. சிரிச்சிட்டுத்தான திரியுதா. நீ ஒன் சீக்க அவ தலையில ஏத்தாத, வடிவு."

சுகன்யா உண்மையிலேயே சிரித்துக்கொண்டுதான் திரிந்தாள். ப்ளஸ் ஒன் படிக்கிறாள். நோட்டம் விட்டு நோட்டம் விட்டுப் பார்த்தேன். வலிக்கிறதா என்று கேட்டால், "ஒனக்கு வேற நெனப்பே இல்லையாம்மா" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவாள். நானே பலநாள் இவளுக்கு ஒன்றும் இருக்காது, டாக்டரம்மா சொன்னது பொதுவாகச் சொன்னது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இன்னொரு நாள் பயம் வந்து தூக்கம் போகும். தள்ளிப் போடாதீங்க என்று அவர் சொன்னது மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

நான் கழுத்துப் பட்டை போட்டதிலிருந்து தெருவில் முதுகு பிடித்தவர்கள் எல்லாம் சுகன்யாவைத் தேட ஆரம்பித்தார்கள். நம் வீட்டில் கூடாது என்று கத்தினேன். சரி என்று சுகன்யா முத்துராணி வீட்டில் வைத்து மிதித்தாள். அன்றைக்கு வந்தவர் அண்ணாச்சி. அவரை எந்த வீட்டுக்கு அனுப்ப முடியும்? முற்றத்திலேயே பாய் விரித்தார்கள்.

"ஏங்க, வேண்டாம்னு சொல்லுங்க. அவியள டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க" என்று கட்டிலில் இருந்தே கெஞ்சினேன்.

தளவாய் உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினார். "ஒரு நிமிஷ வேல. அவிய நமக்கு எவ்வளவு செஞ்சிருக்காவ. சும்மா கெடயேன்."

வாசல் கதவு திறந்திருந்தது. என் கட்டிலில் இருந்து பார்த்தால் முற்றம் முழுக்கத் தெரியும். அண்ணாச்சி சட்டையைக் கழற்றிவிட்டு முனகிக்கொண்டே குப்புறப் படுத்தார். நல்ல கனத்த உடம்பு. சுகன்யா அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வலது காலைப் பாய்க்குப் பக்கத்தில் ஊன்றினாள். இடது காலால் ஒரு தடவை மிதித்தாள். "எய்யா" என்றார் அண்ணாச்சி. இரண்டாவது தடவை அழுத்தி மிதிக்கும்போது, ஊன்றியிருந்த வலது கால் ஆடியது. முட்டிச்சில்லு பக்கவாட்டில் நழுவியது. சுடிதாருக்கு மேலேயே அந்தப் புடைப்பு எனக்குத் தெரிந்தது.

சுகன்யா கத்தவில்லை. முகம்கூட மாறவில்லை. துணியைச் சரிசெய்கிறவள் மாதிரி குனிந்தாள், உள்ளங்கையை முட்டிக்குப் பக்கத்தில் கொடுத்துத் தள்ளிக்கொண்டே காலைப் பைய நீட்டினாள். சில்லு உள்ளே போனது. நிமிர்ந்தாள். மூன்றாவது தடவை மிதித்தாள். பக்கத்தில் நின்ற அவள் அப்பாவுக்கே ஒன்றும் தெரியவில்லை. பழகாத கைக்கு அப்படி வராது. எனக்குத் தோள் இறங்கினால் நான் எப்படி ஏற்றிக்கொள்வேனோ அப்படி ஏற்றிக்கொண்டாள்.

அண்ணாச்சி பிடித்துப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். இடுப்பை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "விட்டுட்டுடே தளவாய்! தங்கக் காலுடே ஒம் மவளுக்கு. இதுக்குப் போயி ஊசி மருந்துன்னு அலையுதானுவ."

"ஏட்டி சுகன்யா!" நான் போட்ட சத்தத்தில் எனக்கே கழுத்தில் மின்னியது. "முட்டி நழுவிச்சா?"

முற்றத்தில் எல்லோரும் உள்ளே திரும்பிப் பார்த்தார்கள். சுகன்யா சிரித்தாள். "இல்லம்மா."

"நான் பாத்தேன்."

"ஒண்ணுமில்லம்மா. சும்மா கெட."

தளவாய் என்னை முறைத்தார். காபி கொண்டுவந்த முத்துராணி, "மைனிக்குக் கண்ணு அங்கயே இருந்திருக்கு" என்றாள். அண்ணாச்சி மட்டும் பெரிய மனது பண்ணி, "தாய் மனசுல்லா, பயப்படத்தான் செய்யும்" என்று சொல்லிக் காபியை ஆற்றினார். அந்த நேரத்தில் நான் பைத்தியக்காரியாக அவ்வளவு பேர் முன்னால் கிடந்தேன். எழுந்து போய்ப் பிள்ளையை இழுத்துவரக்கூட என்னால் முடியவில்லை. இந்த உடம்பை அன்றைக்கு வெறுத்த மாதிரி என்றைக்கும் வெறுத்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் சுகன்யா எனக்கும் காபி கொண்டு உள்ளே வந்தாள். டம்ளரை வைத்ததும் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடியில் பலம் இல்லை. அவள் நினைத்திருந்தால் உருவிக்கொண்டு போயிருக்கலாம், போகவில்லை.

"எப்பலேருந்து?" என்றேன்.

சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "ஆறாப்பு படிக்கும்போதே ஒருக்க நழுவிச்சும்மா. பொறவு அடிக்கடி."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா?" என்றாள். "நீ இத்தன வருசமாச் சொன்ன. ஒன்ன யாரு நம்புனா? அத்த என்ன பேசுதான்னு நான் கேக்கலியா? எப்பா ஒன்ன டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிட்டு வந்து வெளிய நின்னு தலையில அடிச்சிக்கிட்டத நான் பாக்கலியா? நானும் சொல்லி, என்னையும் அப்படிப் பேசணுமா?"

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடம் சொல்லித் தருகிற மாதிரி சொன்னாள். என் நோயை நான் படுத்துக் கழித்தேன், அவள் அதைப் பார்த்துப் பாடம் படித்திருக்கிறாள். வலித்தால் சொல்லக் கூடாது என்று படித்திருக்கிறாள். அப்படியே படுத்த வாக்கில் செத்துவிட்டால் என்ன என்று இருந்தது எனக்கு.

"நான் நம்புதேன், மக்கா. வேற எங்க வலிக்கி?"

அவள் தரையில் உட்கார்ந்து கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்தாள். முதலில் கணுக்கால் என்றாள். பிறகு இடுப்பு, பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தால் கழன்று மாட்டுமாம். பேனா பிடித்தால் விரல் பின்னால் மடங்குகிறதாம், அதனால்தான் எழுத்து கோணலாம். கொட்டாவி விட்டால் தாடை மாட்டிக்கொள்கிறதாம். ஒவ்வொன்றையும் அவள் சொல்லச் சொல்ல, அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்தது. அது மட்டும் வரக் கூடாது என்று சுடலைமாடனை வேண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சாயங்காலம் ஆனா தலை நிக்க மாட்டேங்கும்மா" என்றாள். "டியூசன்ல கன்னத்துல கைய வச்சித் தாங்கிக்கிடுதேன். சாரு, என்னட்டி கனவு காணுதன்னு ஏசுதாவ."

அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். குனிந்து அவளைக் கட்டிக்கொள்ள எனக்குக் கழுத்து இடம் கொடுக்கவில்லை. தலையில் கையை மட்டும் வைத்துக்கொண்டேன்.

தளவாய் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார். "ஏட்டி, அண்ணாச்சி வீட்டம்மாக்கும் இடுப்புப் பிடிப்பாம். நாளைக்கி ஒன்னக் கூட்டிட்டு வரச் சொல்லுதாவ" என்று சொன்னவர் எங்கள் முகத்தைப் பார்த்து நின்றார்.

"எங்கிட்ட சொன்னத ஒங்கப்பாட்ட சொல்லு" என்றேன்.

அவள் சொல்லவில்லை. எழுந்து நின்றாள். வலது முட்டியில் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். சில்லு வெளியே போனது. அவர் பார்க்கும்படி அதை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, காலை நீட்டி உள்ளே தள்ளினாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். தளவாய் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "மக்கா" என்றார். மறுபடியும் "மக்கா" என்றார். நம்பிவிட்டார், அதில் சந்தேகமே இல்லை. என்ன சொல்வாரோ என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தலையைத் திருப்பி முற்றத்தைப் பார்த்தார். "அண்ணாச்சி இருக்காவ" என்றார். "வெளிய கேட்டுறப் போவுது." எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

சுகன்யா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்லா என்கிற பார்வை. அதில் அழுகைகூட இல்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வாய் திறந்த பிள்ளை திரும்பவும் உதட்டை மூடிக்கொள்வதை என் கண்ணால் பார்த்தேன்.

நான் எழுந்தேன். கண் இருட்டியது. கட்டில் சட்டத்தைப் பிடித்து, பிறகு சுவரைப் பிடித்து, பிறகு தளவாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். "வடிவு, விழுந்துருவ" என்று அவர் தாங்க வந்தார். அவர் கையைத் தட்டிவிட்டேன். தாழ்ப்பாளை விரல் பிடிக்கவில்லை, மணிக்கட்டால் தூக்கினேன். கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்துவிட்டு நிலையில் சாய்ந்துகொண்டேன். முற்றத்தில் அண்ணாச்சியும் முத்துராணியும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"இப்ப சொல்லு, மக்கா" என்றேன். "சத்தமாச் சொல்லு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார், வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார். சுகன்யா என் பக்கத்தில் வந்து நின்று, கணுக்காலிலிருந்து ஆரம்பித்தாள்.